பூட்டிக் கிடந்த வீட்டுக் கிணறு: பிளீச்சிங் பவுடர் போட்டால் போதுமா?

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த வீட்டுக் கிணறு மழைக்கு அப்புறம் நாறுகிறது, பவுடர் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. மழைக்கு அப்புறம் கலங்கி நாற்றமடிக்கும் தண்ணீரில் பவுடரைப் போட்டால், கிருமியைக் கொல்ல வேண்டிய பவுடரின் குளோரினை அழுக்கே தின்றுவிடும். முதலில் இறைத்துத் தெளியவிடுங்கள்.

அந்தப் பக்கத்து வீடுகளில் ஓட்டுக்கூரை மழைநீர் முற்றத்தில் இறங்கிக் கிணற்றுக்குப் போவதுண்டு. வருஷக்கணக்கில் பூட்டியிருந்தால் புறா எச்சமும் சருகும் கூடவே போயிருக்கும். என் சந்தேகம் அதன்மேல்தான். அடுத்த மழைக்குள் கூரையைக் கழுவி, முதல் மழைத் தண்ணீரை வெளியே திருப்பிவிடுங்கள்.

தெளிந்ததும், 1000 லிட்டருக்கு 2.5 கிராம் புதுப் பவுடர். 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் என்றால் சுமார் 9,400 லிட்டர். 24 கிராம் போதும். வாளியில் கரைத்து, அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுத் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் தொடாதீர்கள்.

மறுபடி நாறினால் செப்டிக் டேங்க் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். 15 மீட்டருக்குள் இருந்தால் கசிவாக இருக்கலாம், பவுடர் தீர்வல்ல.

குளோரின் கிருமியைத்தான் கொல்லும். உப்பு, புளோரைடு, நைட்ரேட் அப்படியே இருக்கும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்து முடிவு வரும்வரை, குடிக்க வேறு தண்ணீர்தான்.