பிரபஞ்சத்தில் உயிர் முதன்முதலில் எங்கே தோன்றியிருக்கக்கூடும்?

வெயில் படும் குட்டையில் தோன்றியிருக்கும் என்பாரும் உண்டு. எனக்கு அதிக நம்பிக்கை தருபவை கடலடி வெந்நீர் ஊற்றுகள். பாறை இடுக்கில் இறங்கிய கடல்நீர் பாறையோடு வினைபுரிந்து, சூடாகி, ஹைட்ரஜனைச் சுமந்துகொண்டு மீண்டும் பீறிடும் இடம்தான் வெந்நீர் ஊற்று.

அட்லாண்டிக் கடலடியில் 2000-ல் கண்டுபிடிக்கப்பட்ட 'லாஸ்ட் சிட்டி' என்ற வெந்நீர் ஊற்றுத் தொகுதியில் இப்படி உருவான வெண்ணிறச் சுண்ணாம்புத் தூண்கள் 60 மீட்டர் உயரம் வரை நிற்கின்றன. உள்ளே எங்கும் நுண்துளைகள். துளைச் சுவருக்கு ஒரு பக்கம் காரத்தன்மை மிகுந்த ஊற்றுநீர், மறுபக்கம் கடல்நீர். ஆதிக்கடல் சற்றே அமிலத்தன்மை கொண்டிருந்ததாகக் கருதப்படுவதால், அன்று இந்த வேறுபாடு இன்னும் பெரிதாக இருந்திருக்கும். அணையில் உயரத்தில் தேங்கிய நீர் கீழே பாயும்போது டர்பைனைச் சுழற்றுகிறதல்லவா? அதுபோல இந்த வேறுபாடு வேதிவினைகளை முன்னே தள்ளியிருக்கலாம். நம் செல்களும் இன்றுவரை ஒரு மெல்லிய சவ்வின் இருபக்கமும் புரோட்டான் (அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனி) வேறுபாட்டை உண்டாக்கித்தான் பெருமளவு ஆற்றலைப் பெறுகின்றன. எவ்வளவு அழகான ஒற்றுமை!

இதற்குச் சூரிய ஒளி தேவையில்லை. அதனால்தான் சனியின் துணைக்கோள் என்செலடஸ் மீது இவ்வளவு ஆர்வம். அதன் பனி ஓட்டைப் பிளந்து, அடியிலுள்ள கடலிலிருந்து பீறிடும் நீர்த்திவலைகளில் காசினி விண்கலம் ஹைட்ரஜனைக் கண்டதாக 2017-ல் அறிவித்தார்கள்.

அங்கே உயிரையே கண்டுபிடித்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். கிடைத்தது உயிருக்குத் தீனியாகக்கூடிய பொருள் மட்டுமே.