தேயிலை மண்ணுக்கு எந்த அளவு சரி?

கேள்வி: தேயிலை மண்ணின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4.5 முதல் 5.5 வரை என்கிறது ஒரு இணையத்தளம்; 6.5 என்கிறது இன்னொன்று. எதை நம்பி டொலமைட் (பிஎச்சைக் கூட்டும் சுண்ணாம்புக்கல் வகைத் தூள்) போடுவது?
– வாசகர், ஹட்டன்

பதில்: முதலாவதுதான் சரி. 6.5 பல மரக்கறிகளுக்குப் பொருந்தும். எந்தப் பயிருக்கு, எந்த ஆண்டு, யார் அளந்தது என்று பாருங்கள். அதைவிட முக்கியம் அளந்த முறை. தண்ணீரில் கலக்கி அளக்கும்போது 5.0 காட்டும் மண், கல்சியம் குளோரைட்டுக் கரைசலில் ஏறத்தாழ 0.5 குறைத்துக் காட்டும். அந்த 0.5, அமிலத்தன்மையில் மூன்று மடங்கு! முறை சொல்லாத எண்ணை ஒப்பிடவே முடியாது.

பத்துத் தளங்களில் ஒரே வசனம் இருந்தால் பெரும்பாலும் அது ஒரே இடத்திலிருந்து எடுத்ததுதான். வசனத்தை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடி, மூலத்தைப் பிடியுங்கள். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் ஆலோசனைச் சுற்றறிக்கையோடும் ஒப்பிடுங்கள். மண்ணைப் பரிசோதிக்காமல் டொலமைட் போடவே வேண்டாம். கூடிப்போன பிஎச்சைக் குறைப்பது மிகக் கடினம்.