மனச்சோர்வை ரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்ய முடியுமா?

மனச்சோர்வையும் அதோடு வரும் மறதியையும் ரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்ய முடியுமா என்பது கேள்வி. நேரடியாகச் சொன்னால், முடியாது. மனச்சோர்வை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. ஆனாலும் டாக்டர் டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை), வைட்டமின் பி12, ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். இதே சோர்வையும் மறதியையும் தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும் தரும். சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

1981-இல் மனநல மருத்துவர் பெர்னார்ட் கேரலின் குழு மனச்சோர்வுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையை முன்வைத்தது. இரவு 11 மணிக்கு 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, மறுநாள் ரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டினால் தீவிர மனச்சோர்வு என்று கணக்கு. டிமென்ஷியா (மறதி நோய்), குடியை நிறுத்திய நாட்கள், வேகமான எடைக்குறைவு ஆகியவற்றிலும் அதே முடிவு வந்ததால் அது நிலைக்கவில்லை.

உடலில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்தப் புரதமும் மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கே கூடுகிறது. ஈறு வீக்கம், உடல் பருமன் இருந்தாலும் கூடும். நரம்பணு வளர்ச்சிக்கு உதவும் பிடிஎன்எஃப் என்ற புரதத்தை அளப்பதில் இன்னொரு சிக்கல்: ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் அதை வெளிவிடுவதால், சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் பிரியும் திரவம்) வரும் எண் பிளாஸ்மாவைவிட (உறையவிடாமல் பிரிக்கும் திரவம்) பல மடங்கு அதிகம். இரண்டையும் ஒப்பிடவே கூடாது.

மறதியையும் மந்தத்தையும் பெரும்பாலும் காகிதத்தில்தான் அளக்கிறார்கள். வேகத்தையும் கவனத்தையும் பார்க்கும் ஒரு சோதனை இப்படி: 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குறி. 90 அல்லது 120 நொடியில் எத்தனை கட்டம் நிரப்புகிறீர்கள் என்பதே மதிப்பெண். மனச்சோர்வில் வேகமும் கவனமும்தான் முதலில் அடிபடும். மனம் தேறிய பிறகும் இந்த மந்தம் சிலருக்குத் தங்கும். அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மனச்சோர்வு மாத்திரைகளும் நினைவை மங்கவைக்கும், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.