சிறிய நாய்க்குக் கென்னல் காஃப் தடுப்பூசி அவசியமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் அருகே மஞ்சளும் கரும்பும் பயிரிடுகிறோம். தோட்டத்து வீட்டில் 4 கிலோ எடையுள்ள, 6 வயதான பொமரேனியன் நாய் ஒன்று இருக்கிறது. வெறிநோய்த் தடுப்பூசியும் கூட்டுத் தடுப்பூசியும் ஆண்டுதோறும் போட்டு வருகிறோம். அடுத்த மாதக் கடைசியில் குடும்பத்தோடு வெளியூர் செல்வதால், கோவையில் ஒரு நாய் விடுதியில் ஒரு வாரம் விட எண்ணியுள்ளோம். கென்னல் காஃப் எனப்படும், நாய்களுக்கிடையே பரவும் தொற்று இருமலுக்கான தடுப்பூசிச் சான்று இருந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்கிறார்கள். இவ்வளவு சிறிய உடம்பு இன்னொரு தடுப்பூசியைத் தாங்குமா? சங்கிலியை இழுக்கும்போது அவ்வப்போது இருமுகிறதே, அது இந்த நோய்தானா? ஆடுகளுக்கும் பரவுமா?

பதில்: விடுதியில் விடுவது உறுதியென்றால் போட்டுவிடுங்கள். பயணத்தை மாற்றிக்கொண்டாலோ, பண்ணையாள் ஒருவர் வீட்டிலேயே சோறு வைத்துப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடானாலோ, இதற்காகச் செலவு செய்ய வேண்டியதில்லை. இந்தத் தடுப்பூசி தேவையா என்பதை முடிவுசெய்வது நாயின் உருவம் அன்று. அது எத்தனை அயல் நாய்களோடு, எவ்வளவு நெருக்கமாக, கூரைக்கடியில் இருக்கப்போகிறது என்பதுதான்.

கென்னல் காஃப் ஒரே கிருமியால் வருவதன்று. போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா என்ற பாக்டீரியா, பாராஇன்ஃப்ளூயன்சா வைரஸ், அடினோ வைரஸின் இரண்டாம் வகை ஆகியவை தனித்தோ சேர்ந்தோ மூச்சுக்குழாயைத் தாக்குகின்றன. தொற்றிய 2 முதல் 14 நாட்களுக்குள் வறட்டு இருமல் தொடங்கும். இருமி முடிக்கையில் ஓங்கரித்து வெள்ளை நுரையைக் கக்குவதால், தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது என்று எண்ணிப் பலர் வாயைத் திறந்து தேடுவார்கள். திடமான வயதுவந்த நாய்க்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்களில் தானாகவே குணமாகிவிடும். குட்டிகளுக்கும் முதிர்ந்த நாய்களுக்கும்தான் நுரையீரல் அழற்சியாக முற்றும் அபாயம் அதிகம். இதனால்தான் உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல் இதற்கான தடுப்பூசியை எல்லா நாய்களுக்கும் உரிய கட்டாயப் பட்டியலில் சேர்க்கவில்லை. டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ ஆகிய வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசிகளும், வெறிநோய் உள்ள நாடுகளில் அதற்கான தடுப்பூசியும் கட்டாயமானவை. எலிக்காய்ச்சல் பரவலாக உள்ள இடங்களில் அதற்கானதும் அப்பட்டியலில் சேரும். கரும்புத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமிராது. ஆகவே தடுப்பூசி அட்டையை எடுத்துக் கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கானதும் உள்ளதா, ஆண்டு தவறாமல் போடப்பட்டுள்ளதா என்று முதலில் பாருங்கள். உங்கள் நாய்க்கு அது கென்னல் காஃப் தடுப்பூசியைவிட முக்கியம் என்பதே என் கருத்து.

இனி அந்த இருமல். சங்கிலியை இழுத்தாலோ, பரபரப்பானாலோ, தண்ணீர் குடித்தாலோ வாத்து கத்துவது போன்ற ஒலியோடு இருமினால், அது தொற்றாக இருப்பதைவிட மூச்சுக்குழாய் வளையங்கள் தளர்ந்து குழாய் தட்டையாகும் குறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பொமரேனியன் போன்ற சிறிய இனங்களில் இது சகஜம். வயதான சிறிய நாய்களில் இதய வால்வுக் கோளாறினாலும் இருமல் வரும். இரண்டையும் கால்நடை மருத்துவர்தான் ஸ்டெதாஸ்கோப் வைத்தும், தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்தும் பிரித்தறிய முடியும் என்பதால், தடுப்பூசிக்கு முன்பே அவரிடம் இதைச் சொல்லுங்கள். கழுத்துப் பட்டையை இன்றே கழற்றிவிட்டு, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் வாங்கிப் போடுங்கள். மூச்சுக்குழாய் ஏற்கெனவே தளர்ந்திருந்தால், மற்ற நாய்க்குச் சாதாரணமாகக் கடந்துபோகும் கென்னல் காஃப் இதற்கு மூச்சுத்திணறல் வரை போகக்கூடும். தடுப்பூசி தேவையா என்ற கேள்வியில் சிறிய உருவம் கணக்கில் வருவது இந்த ஒரு வகையில்தான், அதுவும் தடுப்பூசிக்குச் சாதகமாகவே.

தாங்குமா என்ற அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஆய்வில், தடுப்பூசி போட்ட 10,000 நாய்களுக்குச் சுமார் 38 என்ற அளவில் ஒவ்வாமை போன்ற விளைவுகள் பதிவாகியிருந்தன. 10 கிலோவும் அதற்குக் குறைவும் உள்ள நாய்களில், ஒரே வருகையில் கூடுதலாகப் போடும் ஒவ்வொரு தடுப்பூசிக்கும் அந்த அபாயம் 27 சதவீதம் ஏறியது. ஆகவே இதை வேறு எந்த ஊசியோடும் சேர்க்காமல், இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டுத் தனியாகப் போடச் சொல்லுங்கள். சிறிய நாய்தானே என்று பாதி மருந்து மட்டும் கேட்காதீர்கள். தடுப்பு மருந்தின் அளவு எடைக்கேற்பக் குறைக்கப்படுவதில்லை.

மூக்கில் விடும் மருந்து கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். நாயின் முகவாயைச் சற்று உயர்த்திப் பிடித்து, ஊசியற்ற சிரிஞ்சால் நாசித்துவாரத்தில் விடுவார்கள். உடனே தும்மிக் கொஞ்சம் சிந்தினாலும் பதற வேண்டாம். போர்டெடெல்லாவுக்கு எதிரான பாதுகாப்பு சுமார் மூன்று நாட்களிலும், பாராஇன்ஃப்ளூயன்சாவுக்கானது மூன்று வாரங்களிலும் உருவாகும் என்பதால், விடுதிக்குச் செல்வதற்கு மூன்று வாரம் முன்பே போட்டுவிடுவது உத்தமம். தோலுக்கடியில் போடும் வகைதான் கிடைக்கிறது என்றால், முதல் முறை இரண்டு தவணை, 2 முதல் 4 வார இடைவெளியில் தேவைப்படும். இப்போதே தொடங்கினால்தான் நேரம் போதும். மூக்கில் விடும் மருந்து உயிருள்ள கிருமியைக் கொண்டது. அதைத் தவறியும் ஊசியாகச் செலுத்தக் கூடாது. நாய்க்கு ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருக்கும்போது போட்டால் பலன் கிடைக்காது. உயிருள்ள கிருமி என்பதால், வீட்டில் புற்றுநோய் சிகிச்சை பெறுபவரோ, உறுப்பு மாற்றம் செய்துகொண்டவரோ இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போட்டபின் சில நாட்கள் லேசான தும்மலும் மூக்கொழுகலும் இயல்பு. முகம் வீங்குதல், தடிப்பு, தொடர் வாந்தி ஆகியவை தென்பட்டால் அன்றே திரும்பச் செல்லுங்கள். அதற்காகவே காலை நேரத்தில் போடுவது நல்லது.

ஆடு, மாடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். பூனை, முயல், பன்றி ஆகியவற்றுக்குப் போர்டெடெல்லா தொற்றும். முயல் வளர்ப்பவராக இருந்தால் இருமும் நாயைக் கூண்டுப் பக்கம் விடாதீர்கள்.

தடுப்பூசி நோயின் கடுமையைக் குறைக்குமே தவிர, இருமலே வராது என்று உறுதி கூற முடியாது. விடுதியிலிருந்து திரும்பியபின் இரண்டு வாரம் மற்ற நாய்களிடமிருந்து விலக்கி வையுங்கள். இருமல் கண்டால் கற்பூரவள்ளிச் சாறு கொடுக்காதீர்கள். நமக்குக் கைகண்ட மருந்தான அது நாய்க்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். மனிதருக்கான இருமல் சிரப்பும் வேண்டாம். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சீழ், தீனி மறுத்தல் ஆகியவை சேர்ந்தால் டிஸ்டெம்பராகவோ நுரையீரல் அழற்சியாகவோ இருக்கலாம் என்பதால், ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.