திருட்டு மென்பொருளும் பில்லியன் டாலர் நட்டமும்: கேள்வி பதில்

நட்டக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். காசு கொடுக்காமல் மென்பொருளை ஓட்டவைக்கும் கிராக், சீரியல் நம்பர் தேடி வந்தவர்களுக்கு இங்கே வேலை இல்லை.

நித்யா: 2011-இல் உலகம் முழுக்க 63.4 பில்லியன் டாலர் மதிப்புள்ள திருட்டு மென்பொருள் என்று பிஎஸ்ஏ அறிக்கை சொன்னது. இதை யார் எண்ணினார்கள்?

யாரும் எண்ணவில்லை. பிஎஸ்ஏ என்பது மென்பொருள் நிறுவனங்களின் சங்கம். அதற்காகக் கணக்குப் போட்டுக் கொடுத்தது ஐடிசி என்ற ஆய்வு நிறுவனம். முதலில் எத்தனை கணினி, ஒரு கணினியில் சராசரியாக எத்தனை மென்பொருள் என்று மதிப்பிடுவார்கள். பெருக்கினால் மொத்தம். அதில் விற்பனையான லைசென்ஸைக் கழித்தால் மிஞ்சுவது திருட்டு. மிச்சத்தைச் சந்தை விலையால் பெருக்கினால் பில்லியன்கள்.

சின்னதாகப் போட்டுப் பாருங்கள். 100 கணினி, ஒன்றுக்கு 10 மென்பொருள், ஆக 1,000. விற்றது 600, திருட்டு 400. அந்த 10 உண்மையில் 9 என்றால்? மொத்தம் 900, திருட்டு 300. சராசரியில் பத்தில் ஒரு பங்கு பிசகியதற்கே திருட்டில் நாலில் ஒரு பங்கு காணாமல் போகிறது. எண்ணி வந்த எண் வேறு, கழித்து வந்த எண் வேறு. இதை இன்னும் பல தடவை சொல்லப் போகிறேன்.

செல்வம்: அறிக்கையே அதை ‘நட்டம்’ என்று சொல்கிறதா?

2008-க்கான அறிக்கை வரை சொன்னது; அந்த ஆண்டுக்கு 53 பில்லியன். பிறகு ‘வணிக மதிப்பு’ ஆகிவிட்டது. செய்தித் தலைப்புகளில்தான் நட்டம் இன்னும் ஓடுகிறது.

விமல்: அமெரிக்காவில் 7,50,000 வேலைகள் போனதாகச் சொல்வார்களே?

அது மென்பொருள் மட்டும் இல்லை, எல்லாப் போலிச் சரக்கும் சேர்த்து. 1986-இல் வணிகத்துறைச் செயலர் மால்கம் பால்ட்ரிஜ் 1,30,000 முதல் 7,50,000 வரை என்றார். கீழ் எண்ணை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 2010 ஏப்ரலில் அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ, அரசுத் துறைகள் பெயரில் சுற்றிய மூன்று மதிப்பீடுகளைத் துருவியது. எஃப்பிஐ சொன்னதாகச் சொல்லப்படும் 200 முதல் 250 பில்லியன் டாலர் நட்டமும் அதில் ஒன்று. மூன்றுக்கும் மூலத் தரவு கிடைக்கவில்லை. பிரச்சினை பெரியதுதான் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இதையும் சேர்த்தே பரப்புங்கள்.

ராஜா: வீடியோ எடிட்டர் கிராக் எங்கே கிடைக்கும்?

முதல் பத்தியைப் படிக்கவும்.

பழைய கோடர்: நான் மென்பொருள் விற்றுப் பிழைக்கிறவன். நீங்கள் பேசுவதைப் பார்த்தால் திருட்டால் யாருக்கும் நட்டமே இல்லை போலிருக்கிறதே?

நான் அப்படிச் சொல்லவே இல்லை. 1976-இலேயே பில் கேட்ஸ், ஆல்டேர் கணினி வைத்திருப்பவர்களில் 10%-க்கும் குறைவானவர்களே தன் நிறுவனத்தின் ‘பேசிக்’ (BASIC) என்ற மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று பொரிந்து தள்ளிக் கடிதம் எழுதினார். கோபம் நியாயம். ஒரு லைசென்ஸ் வாங்கி ஐம்பது கணினியில் ஓட்டும் அலுவலகம் உங்கள் பணத்தைத் தின்கிறது. ஆனால் விலையைக் கேட்டாலே ஓடிவிடும் மாணவர் இறக்கிய பிரதியையும் அதே முழு விலையில் சேர்த்தால் அது கணக்கே இல்லை.

பழைய கோடர்: அவர் வாங்கியிருக்க மாட்டார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. வாங்கியிருப்பார் என்று அவர்களுக்கும் தெரியாது. அதனால் எல்லோரையும் வாங்குபவராக வைத்துக்கொள்ள முடியுமா? இன்னொன்று: 1995-இல் வெளியான ஓர் ஆய்வு பிரிட்டனின் ஸ்ப்ரெட்ஷீட், வேர்ட் பிராசசர் சந்தைகளைப் பார்த்தது. ஏழு பேரில் ஆறு பேர் திருட்டுப் பிரதி. ஆனால் புதிதாகக் காசு கொடுத்து வாங்கியவர்களில் 80%-க்கு மேல் அந்த ஆறு பேரின் தாக்கத்தால் வந்தவர்கள் என்று மதிப்பிட்டது.

பழைய கோடர்: அதெல்லாம் ஊரே பயன்படுத்தும் மென்பொருளுக்கு. என்னைப் போன்ற சிறியவனுக்கு?

இது நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். முன்னணி மென்பொருள் திருட்டில் இலவசமாகக் கிடைத்தால், அதில் கால்வாசி விலைக்கு விற்கும் உங்களை யார் தேடுவார்கள்? அங்கே போவது உங்கள் விற்பனை. பில்லியன் கணக்கோ அந்தப் பிரதியை முன்னணி நிறுவனத்தின் விலையில், அவர்கள் பக்கத்தில் எழுதிக்கொள்கிறது. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் இழக்கும் பயனர்களுக்கு அதில் வரியே கிடையாது. இவ்வளவு ஆய்வுக் காசில் இதைத் தனியாக அளந்திருக்கலாம்.

மீனா: அப்படியானால் 63 பில்லியன் பொருளாதாரத்திலிருந்து மறைந்துவிட்டதா?

இல்லை. லைசென்ஸுக்குப் போகாத பணம் சம்பளமாகவோ வேறு சரக்காகவோ செலவாகும். அங்கேயும் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். ஒரு துறையின் நட்டத்தை நாட்டின் நட்டமாகக் காட்டும்போது இதை விட்டுவிடுகிறார்கள்.

கதிர்: 2017-இல் 46.3 பில்லியனாகக் குறைந்ததே, திருட்டு குறைந்ததா?

கழித்து வந்த எண்! டாலர் மாற்று விகிதம் ஆடினாலே அந்த மதிப்பு ஆடும். மொத்த மென்பொருளில் திருட்டின் பங்கைப் பாருங்கள்: 2015-இல் 39%, 2017-இல் 37%. அவ்வளவுதான்.

அனு: கிராக் போட்டால் வைரஸ் வருமா?

வரலாம். வேறு இடத்தில் கேளுங்கள்.

ஜோசப்: சரி, உண்மையான நட்டம் எவ்வளவு? ஒரே எண்.

தர மாட்டேன்.

பழைய கோடர்: எனக்காவது?

உங்கள் விற்பனைக் கணக்கைக் காட்டுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.