முன்பண நோட்டும் உபவாச ஜெபமும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். வாச்சாத்தி மக்களைக் கொடுமைப்படுத்திய அரசு ஊழியர்கள் தண்டிக்கப்பட்ட தீர்ப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கோயிலுக்குப் போகிறவனுக்கு இதில் வேலை இருக்கிறது என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். அதைப் பற்றித்தான் கேட்கிறேன்.

நான் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு செங்கல் சூளையில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி எங்கள் சபையில் மூப்பர். இந்த வேலையை எனக்குக் கொடுத்தவரும் அவர்தான். கல் அறுக்கிற குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் தவறாமல் சேலை, வேட்டி, அரிசி கொடுப்பார். ஆனால் முன்பணம் அடையாமல் யாரும் வெளியே போக முடியாது. போன மாதம் ஒரு அக்கா அம்மா சாவுக்கு ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்டபோது, ‘புருஷனையும் பிள்ளையையும் விட்டுட்டு நீ மட்டும் போய்ட்டு வா’ என்றார் மேஸ்திரி. மனசு கேட்காமல் பாஸ்டர் ஐயாவிடம் சொன்னேன். ‘தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள் என்று ஆண்டவரே சொல்லிட்டார் தம்பி. நம்ம வேலை ஆத்தும ஆதாயம். சமூக நீதியெல்லாம் கட்சிக்காரன் பேச்சு. உபவாச ஜெபத்துல வச்சு ஜெபிப்போம்’ என்றார்.

அவர் சொல்வது சரியா? நான் வேலையை விடவேண்டுமா, சபையை விடவேண்டுமா? பெயர் போடாதீர்கள்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் பாஸ்டர் சொன்ன வசனத்தையே எடுத்துக்கொள்வோம். பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றுகிறாள். இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று சீடர்கள் முணுமுணுக்கிறார்கள். அப்போது சொன்னது அது. சொன்னவரும் கேட்டவர்களும் மோசேயின் சட்டநூலான தோராவை மனப்பாடமாக வைத்திருந்த யூதர்கள். அதிலுள்ள உபாகமம் 15-ஆம் அதிகாரத்திலிருந்து பாதி வசனம் காதில் விழுந்ததுமே மீதிப் பாதி அவர்களுக்குத் தானாக ஓடியிருக்கும். எளியவர்கள் தேசத்தில் இல்லாமல் போவதில்லை, ஆகையால் உன் கையைத் தாராளமாய்த் திற என்பது முழு வசனம். அந்த ‘ஆகையால்’ இல்லாமல் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது.

இன்று ராத்திரி அந்த அதிகாரத்தை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். தொடங்குவதே கடன் தள்ளுபடியில்தான். ஏழாம் வருடம் வந்துவிட்டால் கொடுத்த கடனை விட்டுவிடவேண்டும். அந்த வருடம் நெருங்குகிறதே, இப்போது கொடுத்தால் திரும்ப வராதே என்று கணக்குப் போட்டுக் கையை மூடுகிறவனுக்கு அங்கேயே எச்சரிக்கையும் இருக்கிறது. கடனுக்காக அடிமையாக வந்தவன் ஆறு வருடம் உழைத்தால் போதும், ஏழாம் வருடம் அவனை விடவேண்டும், விடும்போது வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. உன் ஆட்டு மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் அள்ளிக் கொடுத்து அனுப்பு என்கிறது. இதில் எந்த இடத்தில் தம்பி கிறிஸ்துமஸ் சேலை வருகிறது? அந்த ஆடும் தானியமும் அவன் உழைப்பில் விளைந்தது, அவனுக்குச் சேரவேண்டியது. தானம் என்ற பேச்சே அங்கே கிடையாது.

உங்கள் மூப்பர் நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். சூளைக்காரர்கள் எல்லாரும் சினிமா வில்லன்கள் இல்லை. ஆனால் நோட்டுக்கு நல்லவர் கெட்டவர் தெரியாது. இந்தப் பக்கம் நான் பார்த்த ஒரு முன்பண நோட்டைச் சொல்கிறேன், உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குடும்பத்துக்கு ஒரு பக்கம். மேலே ஆம்பளை பெயர் மட்டும் இருக்கும். மண் குழைக்கிற, கல் திருப்பிப்போடுகிற மனைவிக்கும் பெரிய பிள்ளைக்கும் அந்தப் பக்கத்தில் பெயர் கிடையாது. பெயருக்குக் கீழே முன்பணம். அதற்குக் கீழே பற்று வரிசை: வாரச் செலவுக் காசு, மாத்திரை, மாரியம்மன் பண்டிகை. எதிர்ப்பக்கம் வரவு, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. கோடை மழையில் கரைந்துபோன சுடாத பச்சைக் கல் வரவில் ஏறாது. அறுத்த கைக்கு நஷ்டம், அறுக்கச் சொன்னவருக்கு ஒன்றுமில்லை. சீசன் முடிவில் கழித்துப் பார்த்தால் பாக்கி நிற்கும். நின்ற பாக்கி அடுத்த வருடப் பக்கத்தின் தலையில் போய் உட்காரும். அந்தப் பாக்கிதான் அந்த அக்காவின் புருஷனையும் பிள்ளையையும் சூளையிலேயே நிறுத்திவைத்தது.

இதற்கு நம் நாட்டுச் சட்டத்தில் பெயர் கொத்தடிமை முறை. 1976-ஆம் வருடச் சட்டம் அந்தக் கடனையே ஒழித்துவிட்டது. தள்ளிப்போடவில்லை, வட்டியை மட்டும் குறைக்கவில்லை, திருப்பிக் கொடுக்கும் கடமையே கிடையாது என்றது. விடுதலையானவரைக் குடியிருக்கும் இடத்திலிருந்து காலி செய்யக்கூடாது என்றும் சொன்னது. உபாகமம் 15-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வேடிக்கையான எண்ணம் வரும். நம் பாராளுமன்றம் ஏழாம் வருடத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை, மோசேயைவிட அவசரக்காரர்களாக இருந்திருக்கிறார்கள்.

‘அவங்களா விரும்பித்தானே வாங்கினாங்க’ என்று சூளையில் சொல்வார்கள். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேறு எவனும் கடன் தராதபோது வாங்கியது அது. 1891-இல் பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலில் இதையே எடுத்துப் பேசுகிறார். இதைவிட மோசமானது வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒருவன் கடுமையான நிபந்தனைக்குச் சம்மதித்தால், அது சம்மதமல்ல, பலாத்காரத்துக்கும் அநீதிக்கும் அவன் ஆளாகிவிட்டான் என்கிறார். டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றமும் அங்கேதான் வந்து நின்றது: பசியும் வறுமையும் தள்ளிக்கொண்டுவந்து ஒருவனைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்யவைத்தால் அது கட்டாய உழைப்பு. ரோமிலிருந்த பாப்பரசரும் டெல்லி நீதிபதிகளும் பேசிவைத்துக்கொண்டு எழுதவில்லை.

உபவாச ஜெபத்துக்கு வருகிறேன். ஏசாயா 58 முழுக்க முழுக்க உபவாச அதிகாரம். நாங்கள் உபவாசிக்கிறோம், நீர் ஏன் பார்க்கவில்லை என்று ஜனங்கள் கேட்கிறார்கள். உபவாச நாளிலேயே உன் வேலைக்காரனைப் பிழிந்தெடுக்கிறாயே என்று பதில் வருகிறது. பிறகு, எனக்குப் பிரியமான உபவாசம் எது தெரியுமா என்று கேட்டுவிட்டு, “சகல நுகத்தடிகளையும் உடைத்துப்போடுகிறதும்” என்கிறார். ஜெபிக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தம்பி. சபையில் மூப்பர் முழங்காலில் நிற்க, அதே நேரம் சூளையில் மேஸ்திரி ஆட்களை எண்ணிக்கொண்டு நின்றால், அந்த அதிகாரம் நேராக உங்கள் ஊருக்கே எழுதியதுபோல இருக்கிறது.

அடுத்தது, கட்சிக்காரன் பேச்சு. அரூர் வட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பது வருடத்துக்கு மேல் அந்த வழக்கை விடாமல் இழுத்துக்கொண்டு போனவர்கள் மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும். அவர்களில் பலருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது.

மத்தேயு 21-இல் ஒரு தகப்பன் தன் இரண்டு மகன்களையும் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யப் போகச் சொல்கிறான். ஒருவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு போகிறான். இன்னொருவன் ‘போகிறேன் ஐயா’ என்கிறான், போகவில்லை. இருவரில் எவன் தகப்பன் சொன்னபடி செய்தான் என்று இயேசு கேட்கிறார். ஞாயிறுதோறும் போகிறேன் ஐயா என்று சொல்லிக்கொண்டிருக்கிற நாம், தோட்டத்துக்குப் போய் வேலை செய்தவனைக் கட்சிக்காரன் என்று ஒதுக்குவதில் அர்த்தமில்லை. பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று தலித் குடியிருப்புகளான நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிந்தன. அதற்கடுத்த ஞாயிறு எத்தனை பிரசங்கத்தில் அந்த ஊர்ப் பெயர்கள் வந்தன என்று உங்கள் சபைப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சிலராவது சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

உங்களுக்குப் பாஸ்டர் என்றால் எனக்குச் சாமியார், நான் பூசைக்குப் போகிற கத்தோலிக்கன். எங்கள் பக்கம் ஏட்டில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. நீதிக்காகச் செயல்படுவது நற்செய்தி அறிவிப்பின் உள்ளார்ந்த கூறு என்று 1971-இல் ரோமில் கூடிய ஆயர் மாமன்றம் எழுதிவைத்துவிட்டது. அதற்குப் பிறகும் சாதிக்கொரு கல்லறை இருக்கிற பங்குக் கோயில்கள் தமிழ்நாட்டில் உண்டு. 1950-ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணையால், கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதிச் சான்று கிடையாது. அதனால் சர்டிபிகேட்டில் ஒரு மதம், ஞானஸ்நானத்தில் ஒரு மதம் என்று வாழ்கிற குடும்பங்கள் உங்கள் சூளையிலும் இருக்கலாம். அது தனியாக எழுதவேண்டிய விஷயம்.

உங்கள் மூப்பருக்காக நான் எடுத்துவைத்திருக்கிற அதிகாரம் நெகேமியா 5. எருசலேம் அலங்கம், அதாவது மதில், கட்டிக்கொண்டிருக்கும்போது ஜனங்கள் கூக்குரலிடுகிறார்கள். பஞ்சத்துக்குத் தானியம் வாங்க நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம், ராஜாவின் தீர்வைக்குக் கடன் வாங்கினோம், இப்போது பிள்ளைகளை அடிமையாக்குகிறோம், எங்கள் கையில் ஒன்றுமில்லை என்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியர்கள் இல்லை, கூட நின்று அலங்கம் கட்டுகிற சொந்தச் சகோதரர்கள். நெகேமியா இதைத் தனியறையில் பேசி முடிக்கவில்லை, சபையைக் கூட்டுகிறார். நானும் என் ஆட்களும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம், எல்லாரும் விட்டுவிடுவோம் என்கிறார். நிலம், வீடு, வட்டி எல்லாம் இன்றைக்கே திரும்பவேண்டும் என்கிறார். ஆசாரியர்களைக் கூப்பிட்டு ஆணையிடவைக்கிறார். சபையார் எல்லாரும் ஆமென் என்கிறார்கள். கடன் தள்ளுபடிக்குச் சொன்ன ஆமென் அது! அப்படி ஓர் ஆமெனை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

இனி நீங்கள் என்ன செய்வது. சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய்ச் சொல் என்கிற மத்தேயு 18-ஐ யாராவது எடுத்துக்கொண்டு வருவார்கள். அது உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தவனைப் பற்றியது. இங்கே குற்றம் நடந்திருப்பது உங்களுக்கு விரோதமாக இல்லை, அந்தக் குடும்பங்களுக்கு. நீங்கள் முந்திக்கொண்டு மூப்பரிடம் பேசப்போய், மேஸ்திரி ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றி அவர்களை வேறு சூளைக்கு மாற்றிவிட்டால் யார் பதில் சொல்வது? முதலில் அவர்களைக் கேளுங்கள். சிலர் ஊருக்குப் போகவேண்டும் என்பார்கள். சிலர் கணக்கை நேராக முடித்துக்கொடுத்தால் போதும் என்பார்கள். முடிவு அவர்களுடையது. அவர்கள் பக்கத்தை அவர்களுக்கே வாசித்துக் காட்டி, தேதி போட்டு ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். அதை எழுத உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

விடுதலை வேண்டும் என்று சொல்கிறவர்களுக்கு வழி இருக்கிறது. மனு கோட்டாட்சியருக்குப் போகவேண்டும், ஓசூர் கோட்டம் என்றால் சார் ஆட்சியருக்கு. விசாரித்து விடுதலைச் சான்று கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. சூளையில் பிள்ளைகள் வேலை செய்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ உடனே கூப்பிடுங்கள், அதற்கு யாருடைய சம்மதமும் வேண்டாம்.

சபையை விடவேண்டாம். உள்ளே இருந்துகொண்டு ஒன்றைக் கேளுங்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் கேட்க மல்கியாவை வாசிக்காத பாஸ்டர் இல்லை. உபாகமம் 14-இன் கடைசியில், மூன்றாம் வருடத் தசமபாகம் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் என்று இருக்கிறது. அதில் ஒரு பங்கை எடுத்து வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுத்தால், கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சூளை முன்பணத்தில் போய் விழுகிற ஆட்கள் குறைவார்கள். எருசலேமில் முதல் சபை இருந்ததைப் பகிர்ந்து கொடுத்து வாழ்ந்தது. அவர்களில் ஒருவனும் குறைவுபட்டிருந்ததில்லை என்று அப்போஸ்தலர் 4 சொல்கிறது.

வேலை விஷயம் மட்டும் அவசரம். கொத்தடிமை வைத்தால் மூன்று வருடம்வரை சிறை, உடந்தையாக இருந்தால் அதே தண்டனை என்கிறது அந்தச் சட்டம். நோட்டு எழுதுகிற கை உங்களுடையது. சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுநாள். அந்தக் குடும்பங்கள் சரி என்று சொன்னால் எனக்கு ஒரு போன் போடுங்கள், நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்