மழைக்காலத்தில் உப்பிப்போன கிட்டார்: சேடிலைத் தேய்க்கலாமா?

கேள்வி: திருவான்மியூரில் கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். மகளுக்கு வாங்கிய சாலிட் டாப் (மேல்பலகை ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு மரமாக உள்ள) அகூஸ்டிக் கிட்டாரில், ஐப்பசி மழைக்குப் பிறகு கம்பிகள் மேலே எழும்பிவிட்டன. அழுத்தினால் விரல் வலிக்கிறது என்கிறாள். வீடியோ பார்த்து, ஈரப் பஞ்சு வைத்த ஹ்யுமிடிஃபையர் வாங்கி உள்ளே போட்டேன். பலனில்லை. கம்பிகள் ஏறி உட்காரும் சின்னப் பட்டையான சேடிலைத் தேய்த்து உயரத்தைக் குறைத்துவிடலாமா?

பதில்: முதல் வேலையாக அந்த ஈரப் பஞ்சை வெளியே எடுங்கள். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும் ஊர்களுக்கு ஏற்பட்ட பொருள் அது. அங்கே காற்று காய்ந்து, மரம் சுருங்கி, பலகையில் கீறல் விழும். உங்கள் வீட்டில் நடந்திருப்பது நேர் எதிர். மரம் தண்ணீர் குடித்திருக்கிறது. நீங்கள் மேலும் ஊட்டியிருக்கிறீர்கள்.

கிட்டாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். சென்னையில் மழை நாளில் 80ஐத் தாண்டுவது சாதாரணம். மேல்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரம். கனம் 3 மி.மீ.கூட இருக்காது. ஈரம் ஏறினால் அது நீளவாக்கில் அவ்வளவாக அசையாது, அகலவாக்கில்தான் விரியும். 40 செ.மீ. அகலப் பலகை 50 சதவீதத்திலிருந்து 80க்குப் போய் அங்கேயே நின்றால், 3, 4 மி.மீ. விரியப் பார்க்கும். ஓரங்கள் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் போக வழியில்லை. அதனால் வயிறு உப்பினாற்போல் எழும்பி, அதன்மேல் ஒட்டிய, சேடிலைத் தாங்கும் மரக்கட்டையான பிரிட்ஜையும் கம்பிகளையும் தூக்கிவிடுகிறது.

ஆகவே சேடிலை இப்போது தொடாதீர்கள். உப்பின நிலைக்கு ஏற்றபடி தேய்த்துவிட்டால், மரம் காய்ந்து கீழே இறங்கியதும் கம்பிகள், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டில் இடித்து இரையும். தேய்த்த சேடில் திரும்ப வளராது. கழுத்துக்குள் இருக்கும் உலோகக் கம்பியான டிரஸ் ராடைத் திருகுவதும் வேண்டாம். அது கழுத்தின் வளைவுக்கு உரியது, பலகையின் வீக்கத்துக்கு அல்ல.

சில நூறு ரூபாய்க்கு, ஈரப்பதம் அளக்கும் டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் கிடைக்கும். வாங்கியதும் அதைச் சோதித்துவிடுங்கள். பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கூழ்போல் ஆக்குங்கள். மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவரில் போட்டு மூடி, ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால், எப்போதும் 4 கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கிட்டார் குடியிருக்க வேண்டிய இடம் சுவர் கொக்கி அல்ல, மூடிய ஹார்ட் கேஸ். உள்ளே மீட்டரும், துணிப்பைகளில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் இருக்கட்டும். கால் கிலோவில் தொடங்கலாம். ஆரஞ்சு நிற மணிகளை வாங்குங்கள். ஈரம் ஏறினால் பச்சையாகும். 110 டிகிரி ஓவனில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகிவிடும். சமைக்கும் பாத்திரத்தில் மட்டும் செய்யாதீர்கள். மீட்டர் 45க்குக் கீழே போனால் ஒரு பையை எடுத்துவிடுங்கள். அரிசி மூட்டை கட்டிப் போடச் சிலர் சொல்வார்கள். அது ஈரத்தை இழுப்பதைவிட வண்டை இழுப்பதுதான் அதிகம்.

சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைப்பதோ, ஹேர் டிரையர் பிடிப்பதோ கூடவே கூடாது. பிரிட்ஜை ஒட்டிய பசை சூட்டில் இளகும். உப்ப மாதக்கணக்கானது இறங்க வாரக்கணக்காகும். இரண்டு மூன்று வாரம் பொறுங்கள்.

ஏசி அறை நல்லதுதான், அது காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். ஆனால் 24 டிகிரியில் இரவெல்லாம் கிடந்த கிட்டாரைக் காலையில் அப்படியே ஹாலுக்குக் கொண்டு வந்தால், புழுக்கமான நாளில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்புபோலக் கம்பியெல்லாம் வியர்க்கும். கேஸோடு கொண்டு வந்து, ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கச் சொல்லுங்கள்.

காய்ந்த பிறகு 12ஆம் ஃப்ரெட்டில் தடித்த கம்பியின் உயரத்தை அளந்து பாருங்கள். 2.5 மி.மீ.யை ஒட்டி இருந்தால் நல்லது. 3க்கு மேலேயே நின்றால் அப்போது சேடிலைப் பார்க்கலாம். அதுவும் பழையதை எடுத்து வைத்துவிட்டு, புதிதாக ஒன்றைத் தேய்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் இன்றைக்கே பாருங்கள். பிரிட்ஜின் பின் ஓரத்தில், பலகையோடு சேரும் இடத்தில், ஒரு தாளின் முனையை நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் கவலையில்லை. நுழைந்தால் பசை விடத் தொடங்கிவிட்டது. கம்பிகளை உடனே தளர்த்தி, பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய்விடுங்கள்.